நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டாவது மகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

2022–23 கல்வியாண்டில், நாமக்கல் மாவட்டத்தின் விசைத்தறிப் பகுதி ஒன்றில் நடந்தது இது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். அரசுப் பள்ளிகளுக்கு முறை வைத்துச் சென்றுவரும் ஆலோசகராக இதில் எனக்குப் பங்கு இருந்தது.

பின்னணி

ஈரோட்டுக்கு எதிரே, காவிரியின் இந்தக் கரையில் இருக்கும் ஊர்களில் தறிச் சத்தம் ஓய்வது அபூர்வம். இந்தக் குடும்பத்தில் அப்பா, அம்மா இருவருமே தறி ஓட்டுகிறவர்கள். ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம். காலை எட்டு மணிக்கு ஒன்று, இரவு எட்டு மணிக்கு ஒன்று. வாரத்துக்கு ஒருமுறை பகலும் இரவும் மாறும். பிள்ளைகளோடு பெரியவர் ஒருவராவது வீட்டில் இருக்கவேண்டும் என்பதற்காக இருவரும் எதிரெதிர் ஷிப்ட் பார்த்தார்கள். தறி முதலாளியிடம் வாங்கிய பாக்கி, அதாவது முன்பணக் கடன், தீரும்வரை வேறு பட்டறைக்கு மாற முடியாது. நினைத்தபோது லீவும் கேட்க முடியாது.

பிள்ளைகள் நான்கு பேர். மூத்தவளுக்கு 17 வயது, பிளஸ் டூ. இரண்டாமவளுக்கு 13, எட்டாம் வகுப்பு. மூன்றாமவளுக்கு 9, நான்காம் வகுப்பு. கடைசிப் பையனுக்கு 4 வயது, அங்கன்வாடிக்குப் போகிறான்.

எட்டாம் வகுப்பில் இவளோடு படிப்பவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஒன்று அல்லது இரண்டு பிள்ளைகள்தான். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள். இரண்டு தலைமுறைக்கு முன் ஆறு பிள்ளை பெறுவது சாதாரணம் என்று சொல்லி, நான்கெல்லாம் பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஆறு பிள்ளைகளைச் சுற்றிப் பாட்டி இருந்தாள், அத்தை இருந்தாள், சித்தப்பா இருந்தார், பக்கத்து வீட்டு ஆயா இருந்தாள். இந்த லைன் வீட்டில் நான்கு பிள்ளைகளுக்கு இருந்தது, எந்த நேரமானாலும் தூக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு பெரியவர். பிள்ளைகளின் எண்ணிக்கையை மட்டும் எண்ணினால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

நான்கு ஏன் என்பதற்கு ஆண் பிள்ளை வேண்டும் என்ற எதிர்பார்ப்புதான் காரணம். பெண் சிசுக்களைக் காப்பாற்றத் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-இல் அரசு முதலில் தொடங்கியது சேலம் மாவட்டத்தில். நாமக்கல் அப்போது சேலத்தோடு சேர்ந்திருந்தது. இந்த அம்மா அப்போது சிறுமி. மூன்றாவதும் பெண்ணானபோது மாமியார் மருத்துவமனைக்கு வந்து பார்க்கவில்லை என்பதை, வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு வரியாகச் சொன்னார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

பள்ளி கவனித்தது

இரண்டாமவளைப் பற்றித்தான் வகுப்பாசிரியர் என்னிடம் பேசினார். நன்றாகப் படிக்கிற பெண். ஜூனிலிருந்தே தலைவலி என்று அடிக்கடி வருவதில்லை. வந்த நாளிலும் இரண்டு முறை தம்பியை அடித்துவிட்டதாகச் சொல்லி அழுதிருக்கிறாள். ‘தம்பியைப் பார்த்துக்க வீட்டுல நிறுத்திக்கறாங்க’ என்பது ஆசிரியர்களின் முடிவு. தறிப் பகுதியில் இது நடக்கிற காரியம்தான் என்பதால் நானும் முதலில் அந்தக் கோணத்திலேயே விசாரித்தேன்.

அரசு மருத்துவமனையில் கண் பார்த்தார்கள். பார்வை சரியாக இருந்தது. ரத்தம் சற்றுக் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். தலைவலி போகவில்லை.

பெற்றோரை வரச்சொல்லி ஆள் அனுப்பியபோது வந்தவள் மூத்தவள். தங்கைக்கு எப்போது தடுப்பூசி போட்டது, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் என்று எல்லாம் அவளுக்கு மனப்பாடம். பள்ளி டைரியில் இருந்த ‘அம்மா கையெழுத்து’ அத்தனையும் அவள் போட்டது. அம்மாவும் எட்டாவது வரை படித்தவர்தான், கையெழுத்துப் போடத் தெரியும். அடுத்த வாரம் அம்மாவை நேரில் பார்த்தபோது அவர் சொன்ன முதல் வாக்கியம்: “பெரியவகிட்டக் கேளுங்க, அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்.”

பதிவேடும் ஷிப்டும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை பெண் பள்ளிக்கு வராத நாட்கள் 14. அந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, எந்த வாரம் யாருக்கு எந்த ஷிப்ட் என்று அம்மாவிடம் கேட்டுக்கேட்டுப் பின்னோக்கி எண்ணினோம். வாரம் மாறி வாரம் என்பதால் கணக்கு எளிதாகவே வந்தது. இரண்டு நாள் காய்ச்சல். மீதி 12 நாளும் அம்மா இரவு ஷிப்ட் பார்த்த வாரங்களில் விழுந்திருந்தன.

தம்பியைப் பார்க்க நிறுத்தினார்கள் என்ற யூகம் அத்தோடு அடிபட்டுப் போனது. அம்மா இரவு ஷிப்ட் பார்க்கும் வாரத்தில் பகலில் அம்மா வீட்டில் இருப்பார், தம்பி அங்கன்வாடியில் இருப்பான், அக்காவும் தங்கையும் பள்ளியில், அப்பா தறியில். அந்த வீட்டில் அம்மா தனியாகக் கிடைக்கிற நேரம் அது ஒன்றுதான்.

பெண்ணிடம் நான் இதைச் சொல்லவில்லை. லீவு போட்ட அன்று என்ன செய்வாய் என்று மட்டும் கேட்டேன்.

“படுத்திருப்பேன். பதினொரு மணிக்கு அம்மா எந்திரிக்கும். கஞ்சி காய்ச்சும். ரெண்டு பேரும் குடிப்போம்.”

“அப்ப என்ன பேசுவீங்க?”

“தறியில நூலு அறுந்தது, மேஸ்திரி திட்டினது... அதெல்லாம் அக்காகிட்டத்தான் சொல்லும். அன்னைக்கு எங்கிட்டச் சொல்லும்.”

தலைவலி பொய்யில்லை. அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். திட்டம் போட்டு லீவு எடுக்கிற பிள்ளையும் இல்லை. உடம்பு தானே ஒரு வழி கண்டுபிடித்திருந்தது என்றுதான் எனக்குப் பட்டது.

வீட்டில் பார்த்தது

அம்மா பகல் ஷிப்ட் முடித்து வரும் ஒரு நாளில் மாலை ஏழு மணிக்கு அந்த வீட்டில் இருந்தேன். ஒரே அறை, ஓரத்தில் அடுப்பு. மூத்தவள் சோறு வடித்துக்கொண்டே மூன்றாமவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள். பையன் அவள் முதுகில் சாய்ந்து நின்றான். அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எட்டேகாலுக்கு அம்மா வந்தார், பஞ்சு ஒட்டிய தலையோடு. பையனைத் தூக்கினார். மூத்தவளிடம் ரேஷன், கரண்ட் பில், மறுநாள் குழம்பு என்று பேசினார். இரண்டாமவளைக் கூப்பிட வாயெடுத்தபோது முதலில் மூத்தவள் பேர் வந்தது, அடுத்து மூன்றாமவள் பேர், அதற்குப் பிறகுதான் அவள் பேர். கூப்பிட்டது தண்ணீர் கேட்க.

மறுநாளிலிருந்து ஒரு வாரத்துக்கு, அம்மா தன்னிடம் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதும்படி இரண்டாமவளிடம் சொன்னேன். ஒரு நாளைய பக்கம் இது: ‘தண்ணி புடிச்சு வை. தம்பியப் பாரு. அக்காவக் கூப்புடு. சத்தம் போடாத. அக்கா சொன்னாக் கேளு.’ ஐந்து வரி, ஐந்தும் ஏவல். பாசம் இல்லாத அம்மா இல்லை அவர். அந்த நோட்டைக் காட்டியபோது வெகுநேரம் பக்கத்தைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரிடம் மிச்சமிருந்த நேரம் கடைசிப் பையனுக்குப் போனது, மிச்சமிருந்த பேச்சு மூத்தவளுக்குப் போனது. நடுவில் இருந்தவர்களுக்கு எல்லாமே அக்கா வழியாக வந்து சேர்ந்தது.

என்ன செய்தோம், ஏன்

முடிவெடுக்கும் முன் எனக்குத் துணையாக இருந்த சில ஆய்வுகளைச் சொல்லவேண்டும். மூத்த பிள்ளை பொறுப்பு, நடுப்பிள்ளை முரண்டு, கடைக்குட்டி செல்லம் என்று பிறந்த வரிசையை வைத்துக் குணம் சொல்வது நம் ஊரிலும் உண்டு, ஐரோப்பாவிலும் உண்டு. தானும் இரண்டாவது பிள்ளையான வியன்னா மருத்துவர் ஆல்ஃபிரட் அட்லர் இதைக் கோட்பாடாகவே எழுதினார். 2015-இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளைச் சேர்ந்த 20,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை வைத்துப் பார்த்த ஆய்வில், பொறுப்புணர்வு, சகஜமாகப் பழகுதல், மனநிலை உறுதி போன்ற குணங்களில் பிறந்த வரிசைக்குப் பங்கு ஏதும் தெரியவில்லை. அறிவுத்திறன் மதிப்பெண்ணில் மட்டும் சிறு வித்தியாசம் இருந்தது.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது 2007-இல் வெளியான நார்வே ஆய்வு. கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த ஏறக்குறைய 2.4 லட்சம் இளைஞர்களின் அறிவுத்திறன் மதிப்பெண்களைப் பார்த்தார்கள். இரண்டாவதாகப் பிறந்து, அண்ணனோ அக்காவோ சிறு வயதிலேயே இறந்துபோனதால் வீட்டில் மூத்தவராக வளர்ந்தவர்களின் மதிப்பெண், மூத்த பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் போலவே இருந்தது. பிறந்த எண்ணைவிட, வளர்ந்த இடம்தான் கணக்கில் வந்தது. 2008-இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு, இரண்டாவது பிள்ளைக்கு அதே வயதில் மூத்த பிள்ளை பெற்றதைவிட நாளொன்றுக்கு 20 முதல் 30 நிமிடம் குறைவாகப் பெற்றோரின் நேரம் கிடைப்பதாகக் காட்டியது. அங்கே பெற்றோர் பாரபட்சம் காட்டவில்லை. இருக்கிற நேரத்தை அன்றன்று சமமாகத்தான் பங்கிடுகிறார்கள். பிள்ளைகள் வளர வளர அந்த மொத்த நேரமே சுருங்கிவிடுகிறது.

குணத்தை மாற்றுவதைவிட இருபது நிமிடம் தேடுவது நம்மால் ஆகிற காரியம். எங்கே தேடுவது என்பதுதான் கேள்வி.

இரவு ஷிப்ட் முடிந்து அம்மா வீடு வந்துசேர்வது காலை எட்டேகால். பெண் பள்ளிக்குக் கிளம்புவது எட்டு நாற்பது. அந்த நேரத்தில் அவளுக்கு இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டுவது மூத்தவளின் வேலையாக இருந்தது. அதை அம்மாவிடம் கொடுத்தோம். பகல் ஷிப்ட் வாரத்தில் ஏழு மணிக்கே பின்னிவிட்டு அம்மா கிளம்பவேண்டும். புதிதாக நேரம் எதுவும் ஒதுக்கச் சொல்லவில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த அம்மாவிடம் ‘பிள்ளையோடு உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுங்கள்’ என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. சடை பின்னும்போது கை வேலையாக இருக்கும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டியதும் இல்லை. பதின்மூன்று வயதுப் பெண் அப்போது பேசுவாள்.

இரண்டாவது, டைரியில் கையெழுத்து அம்மாவோ அப்பாவோ மட்டும். மூன்றாவது, மாலையில் மூன்றாமவளுக்குப் பாடம் சொல்லும் வேலை மூத்தவளிடமிருந்து போகவேண்டும். பக்கத்துத் தெருவிலேயே இல்லம் தேடிக் கல்வி மையம் நடந்துகொண்டிருந்தது, அங்கே சேர்த்தோம்.

பையனை மூத்தவளிடமிருந்து பிரிக்கும் எதையும் செய்யவில்லை. ராத்திரி விழித்தால் அவன் தேடுவது அக்காவைத்தான். வேலைக்குப் போகும் தாய்தந்தை உள்ள பெரிய குடும்பங்களில் மூத்த பிள்ளை பாதிப் பெற்றோராக இருப்பது இயல்பு என்றும், பொறுப்பின் எல்லை தெளிவாக இருந்தால் அது பிள்ளைக்கே பலம் என்றும், எல்லை இல்லாமல் போகும்போதுதான் கெடுதல் என்றும் குடும்ப சிகிச்சையில் முன்னோடியான சால்வடோர் மினுச்சின் சொல்லியிருக்கிறார். இங்கே எல்லை போடுவதுதான் எங்கள் வேலையாக இருந்தது. மூத்தவளின் கையில் இருந்த எல்லாவற்றையும் பிடுங்குவது அல்ல.

அப்பா

அப்பாவைப் பள்ளிக்கு வரவைக்க முடியவில்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில் பட்டறைக்கு எதிரில் இருந்த டீக்கடையில் பார்த்தேன். மூத்தவளைப் பிளஸ் டூவோடு நிறுத்திவிடும் எண்ணத்தில் இருந்தார். “அவ காலேஜுக்குப் போயிட்டா எங்க ஊடு ஓடாதுங்க” என்றார். அதில் மறைப்பு எதுவும் இல்லை, நடைமுறைக் கணக்குதான்.

அவர் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். ஆறு பேர், அவர் கடைசி. தூக்கி வளர்த்தது மூத்த அக்கா. பொங்கலுக்கு இன்றைக்கும் முதல் சேலை அந்த அக்காவுக்குத்தான் எடுப்பாராம். அக்கா எதுவரை படித்தார் என்று கேட்டேன். “ரெண்டாவது. என்னைப் பார்த்துக்கத்தான் நிறுத்துனாங்க” என்றவர், டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பெரியவ என்ன படிக்கோணும்ங்கறா?” என்று கேட்டார். அவர் அதைப் பெண்ணிடம் ஒருபோதும் கேட்டதில்லை, என்னிடம் கேட்கிறார். அவளிடமே கேட்கச் சொன்னேன்.

அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் அந்த செப்டம்பரில்தான் தொடங்கியிருந்தது. அதையும் சொன்னேன். பஸ் செலவுக்காவது ஆகும் என்றார்.

அடுத்து நடந்தவை

முதல் இரண்டு வாரம் எதுவும் மாறவில்லை. மூன்றாவது வாரம் ஒரு சிக்கல், நான் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து வரவில்லை. அம்மா பின்னிய சடை கோணலாக இருக்கிறது என்று மூத்தவள் தினமும் அவிழ்த்து மறுபடி பின்னியிருக்கிறாள். தங்கை மறுக்க, இருவருக்கும் கைகலப்பு வரை போயிருக்கிறது. மூத்தவளைத் தனியாகச் சந்தித்தேன். “அப்ப நான் இத்தனை வருசம் செஞ்சதெல்லாம் தப்பா?” என்றாள்.

தப்பில்லை, அந்த வீட்டை ஓட்டியவளே அவள்தான். ஒன்பது வயதிலிருந்து செய்த வேலைக்கு நன்றி என்று ஒருவரும் சொல்லாமலே அதிலிருந்து ஒரு துண்டை எடுத்தால் யாருக்கும் கோபம் வரும். அந்த வாரமே அம்மாவை அழைத்து, மூத்தவளிடம் இதை நேரில் சொல்லவேண்டும் என்றேன். அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. அவர் செய்தது வேறு: அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூத்தவளை அடுப்படிப் பக்கம் வரவிடாமல் படிக்க உட்காரவைத்து, கறி எடுத்துச் சமைத்து, முதல் தட்டை அவளுக்குப் போட்டிருக்கிறார். வழக்கமாக முதல் தட்டு பையனுக்கு. இதை எனக்குச் சொன்னது இரண்டாமவள்.

நவம்பரில் தலைவலி நாட்கள் குறைந்தன. டிசம்பரில் பட்டறையில் வேலை நெருக்கியது. அம்மாவுக்கு ஷிப்ட் நீண்டது, காலையில் வீடு சேர ஒன்பதாகிவிடும். சடை மறுபடி அக்கா கைக்குப் போனது. அரையாண்டுத் தேர்வு நேரத்தில் இரண்டாமவள் மூன்று நாள் தொடர்ந்து வரவில்லை. அம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார், நான் யோசிக்காத வழி. இரவு எட்டு மணிக்கு வேலைக்குப் போகும்போது பட்டறை வாசல்வரை இவளைக் கூட்டிக்கொண்டு நடந்தார். அந்நேரம் அப்பா ஷிப்ட் முடிந்து வெளியே வருவார், திரும்பும்போது அவரோடு வீட்டுக்கு வருவாள். போகும்போது அம்மா, வரும்போது அப்பா. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அவள் வராத நாட்கள் நான்கு. தம்பியை அடித்ததாக அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

இதேபோன்ற வீடு மறுபடி வந்தால்

வருகைப் பதிவேட்டையும் பெற்றோரின் வேலை நேரத்தையும் முதல் வாரத்திலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். தறி, மில், பனியன் கம்பெனி என்று ஷிப்ட் ஓடும் ஊர்களில் பிள்ளையின் மாதம் பெற்றோரின் ஷிப்டைச் சுற்றித்தான் ஓடுகிறது. பள்ளிப் பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

மூத்த பிள்ளையின் கையிலிருந்து ஒரு வேலையை மாற்றும் முன், மூத்த பிள்ளையிடம்தான் முதலில் பேசவேண்டும். எதை விடச் சம்மதம், எதைத் தன்னிடமே வைத்துக்கொள்ள விருப்பம் என்று அவளே சொல்லவேண்டும். இப்போது இந்த வரிசையில்தான் செய்கிறேன். அப்பாவைச் சந்திப்பதையும் கடைசிக்குத் தள்ளுவதில்லை.

புகார் வந்த பிள்ளையோடு நிறுத்தாமல், வீட்டில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டுப் பக்கம் வேண்டும். இந்த வீட்டில் மூன்றாமவளைப் பற்றி ஏழு மாதம் யாரும் பேசவில்லை. ஆசிரியர் பேசவில்லை, பெற்றோர் பேசவில்லை. அவளுக்குத் தலைவலி இல்லை, அடம் இல்லை, மதிப்பெண்ணும் சுமார். மூன்றாவதும் பெண் என்று வரவேற்பில்லாமல் வந்தவள், தம்பி பிறந்ததும் கவனத்தின் கடைசி ஓரத்துக்குப் போயிருக்கிறாள். பெரிய குடும்பத்தில் தொந்தரவு தராத பிள்ளையை நல்ல பிள்ளை என்று விட்டுவிடுவது எல்லோருக்கும் வசதி. அதனாலேயே அங்கே போய்ப் பார்ப்பதைத் தனி வேலையாக வைத்துக்கொள்ளவேண்டும்.

இப்போதைய நிலை (2023–24 கல்வியாண்டு)

மூத்தவள் 2023 ஜூலையில் அரசுக் கல்லூரியில் பி.காம். சேர்ந்தாள். மாதாமாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் வருகிறது. மாலையில் வீடு திரும்ப ஆறரை ஆகிறது. அதுவரை சோறு வைப்பது, அந்த வாரம் பகலில் வீட்டில் இருப்பவர். அப்பாவாக இருந்தால் அப்பா. முதல் மாதம் சாதம் குழைந்தது என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

இரண்டாமவளுக்குத் தலைவலி முற்றிலும் போய்விடவில்லை. தேர்வுச் சமயத்திலும் மாதவிடாய் நாட்களிலும் வருகிறது. வந்தாலும் பள்ளிக்கு வருகிறாள்.

மூன்றாமவளை ஐந்தாம் வகுப்பில் சந்திக்கத் தொடங்கினேன். அதிகம் பேசுவதில்லை. அவளிடம் கடைசியாக எப்போது தனியாகப் பேசினீர்கள் என்று அம்மாவைக் கேட்டபோது, யோசித்துவிட்டு, “ஞாபகம் வரலைங்க” என்றார். இப்போது காலையில் அம்மா முன்னால் இரண்டு தலை; ஒருநாள் இவளுக்கு முதலில், மறுநாள் இரண்டாமவளுக்கு முதலில். நோட்டும் அவள் கையில் கொடுத்திருக்கிறேன். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் அதை அம்மாவும் அவளும் நானும் சேர்ந்து உட்கார்ந்து படிப்பதாக ஏற்பாடு.